நீர்க்கட்டிக்கும் ஒரு மரியாதை செய்யுங்கள்

தமிழ்நாடு அரசின் வேளாண்மை – உழவர் நலத் துறைக்கும் ஊரக வளர்ச்சித் துறைக்கும் வணக்கம்.

சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கண்மாய்க்குக் கீழே இரண்டு ஏக்கரில் நெல் போடுகிறவன் நான். எங்கள் வயல் கடைமடை, வாய்க்கால் கடைசியில் வந்து சேருமிடம். தண்ணீர் அங்கே வரைக்கும் யாரால் வந்து சேர்கிறது என்று கடைமடைக்காரனுக்கு நன்றாகத் தெரியும். கண்மாய்த் தண்ணீரை எல்லா வயலுக்கும் பங்கிட்டுப் பாய்ச்சுகிற நீர்க்கட்டியால்தான், அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

குடியரசு தினத்தன்று உழவர்களுக்கு விருது தருகிறீர்கள். திருந்திய நெல் சாகுபடியில் மாநிலத்திலேயே அதிக மகசூல் எடுப்பவருக்கு நாராயணசாமி நாயுடு பெயரில் 5 லட்சம் ரூபாய், உயிர்ம வேளாண்மைக்கு நம்மாழ்வார் பெயரில் இன்னொரு விருது. நல்ல காரியம், தொடர்ந்து கொடுங்கள். ஆனால் ஒருவர் வயலில் விளைந்ததைத் தராசில் வைத்துவிடலாம். ஒரு கண்மாய்ப் பாசன நிலம், அதாவது ஆயக்கட்டு முழுக்க, வெட்டுக்குத்து இல்லாமல் விளைந்து வீடு வந்து சேர்கிறதே, அதற்குக் காரணமான ஆளை எனக்குத் தெரிந்து இதுவரை எந்த விருதும் தேடி வரவில்லை.

எங்கள் பக்கம் அவரை நீர்க்கட்டி என்போம். மடையான், நீர்பாய்ச்சி, கம்புகட்டி என்று ஊருக்கு ஒரு பேர். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர்தான். மழை அடித்துப் பெய்யும் ராத்திரியில் கரையில் எங்கே கசிகிறது என்று டார்ச்சோடு நடப்பதும் அவர்தான். கண்மாய் நிறைந்து வழிகிற கலுங்கில் தண்ணீர் எவ்வளவு போகிறது, வாய்க்காலை எவன் வெட்டிவிட்டான், யார் வயல் காய்கிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். முறை வைத்துத் தண்ணீர் பாய்கிற நாளில் நிலத்துக்காரன் மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கக்கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. சொந்த வயலாகவே இருந்தாலும் அவர்தான் திருப்பிவிட வேண்டும், அவருக்கு அங்கே ஒரு செண்ட் நிலம்கூடக் கிடையாது என்பதுதான் அந்தக் கட்டுப்பாட்டின் பலமே.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது உங்களுக்கும் நினைவிருக்கும். கண்மாயில் கிடந்த கொஞ்சத் தண்ணீரை எங்கள் நீர்க்கட்டிப் பெரியவர் குச்சி நட்டுப் பார்த்துவிட்டு, ஆளுக்குப் பாதி வயலை விட்டுவிடுங்கள், மீதிப் பாதிக்குத்தான் பாயும் என்று கோயில் வாசலில் வைத்துச் சொன்னார். மடையை ஒட்டி நிறைய நிலம் வைத்திருந்த ஒருவர் எகிறினார். "ஐயா, உங்களுக்கும் பாதிதான்" என்று மட்டும் பெரியவர் சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்த வருடம் எங்கள் வீட்டில் ஒரு ஏக்கர் அறுத்தோம், அந்த நெல்லைத்தான் சாப்பிட்டோம்.

இதற்கு அவருக்குக் கிடைப்பது களத்தில் அளந்து போடும் நெல், அதுவும் விளைந்தால்தான். அவர் கரையிலேயே கிடந்த ராத்திரிகளில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, விடிந்ததும் நடவுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போய், மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்தவர் அவர் வீட்டம்மா. விருது கொடுத்தால் இருவர் பெயரும் அதில் இருக்க வேண்டும், இதை அழுத்திக் கேட்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பல ஊர்களில் நீர்க்கட்டிகள் பட்டியல் சாதி மக்கள். கோயில் திருவிழாவில் பரிவட்டமும் முதல் மரியாதையும் நிலத்துக்காரர்களுக்குப் போகும், அந்த நிலத்துக்குத் தண்ணீர் கட்டியவர் ஓரமாக நிற்பார். எங்கள் ஊரிலும் அப்படித்தான். 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைத்த பாசனச் சங்கங்களில் நிலம் வைத்திருப்பவர்களுக்குத்தான் ஓட்டு, அங்கேயும் இவருக்கு இடமில்லை.

ஒரு முறை இவருக்காக நானே ஒரு விண்ணப்பம் எழுதிக் கூட்டிக்கொண்டு போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். பட்டா எங்கே, சிட்டா அடங்கல் எங்கே என்று கேட்டார்கள். "தம்பி, வாங்க போவோம், மடையைத் திறந்துவிட்டு வந்திருக்கிறேன்" என்றார். எனக்குத்தான் பஸ்ஸில் வரும்போது தொண்டை அடைத்துக்கொண்டது.

விண்ணப்பம் இல்லாமலும் நல்லவர்களைக் கண்டுபிடிக்க முடியும். தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டி மளிகைக் கடை நடத்தி, அதில் வந்த வருமானத்தில் நிலம் வாங்கி, உள்ளாட்சிப் பதவியிலும் இருந்து, நூறு வயதைத் தாண்டியும் விவசாயம் பார்க்கக் காட்டுக்குப் போனவர். 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தபோது எங்கள் ஊர்ப் பெண்கள் போனில் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். நெல் ஜெயராமன் 2 கிலோ விதை கொடுத்து அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பி வாங்கியே 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை ஊர் ஊராகப் பரப்பினார். இப்படிப்பட்டவர்களின் அருமை பக்கத்தில் இருக்கிற மக்களுக்குத்தான் முதலில் தெரியும்.

அதனால் கேட்பது இதுதான். வருடத்துக்கு ஆறு கிராம சபை நடத்துகிறோம், அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். கண்மாய் இருக்கிற ஊரில் அன்றைக்கு மக்களே கூடி நீர்க்கட்டி யார் என்று பெயர் சொல்லட்டும், தீர்மானத்தில் எழுதுங்கள். சென்னைக்குக் கூப்பிட வேண்டாம், மாவட்ட ஆட்சியரோ வேளாண்மை இணை இயக்குநரோ கரைக்கு வந்து, பரிவட்டம் கட்டுகிற அதே ஊர்க்காரர்கள் முன்னால் துண்டு போர்த்துங்கள். அப்புறம் நிலம் இல்லாவிட்டாலும் பாசனச் சங்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி, மாதம் ஒரு நிலையான தொகை. தமிழ்நாட்டில் 39 ஆயிரம் ஏரி, கண்மாய் இருக்கிறது என்று நீங்களே கணக்குச் சொல்கிறீர்கள். அதில் எத்தனை கரைகளில் இன்னும் நீர்க்கட்டி நடக்கிறார் என்றும் எண்ணிப் பாருங்கள்.

எங்கள் பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. முழங்கால் வலிக்கிறது என்கிறார். பேரனுக்கு இந்த வேலை வேண்டாமாம், அவன் திருப்பூரில் இருக்கிறான். வருகிற மார்ச்சுக்குள் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவன்