கணபதி பவுண்டரி நண்பர்களுக்கு நன்றி

முதலாளி ஐயா, மேஸ்திரி அண்ணன், மோல்டிங் பகுதித் தோழர்கள், ஆபீஸ் அக்கா எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் இயந்திரவியல் இறுதியாண்டுப் பிள்ளைகள் இந்த வருஷப் புராஜெக்டை உங்கள் பட்டறையில்தான் செய்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய ஆசிரியராக, ஊரறிய உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பம்ப் வார்ப்புகளில் ப்ளோ ஹோல் (வாயுத் துளை) விழுந்து ரிஜெக்ட் ஆவதைக் குறைக்க வேண்டும். நீங்கள் கொடுத்த இந்த வேலை உங்கள் பணம் உண்மையாகவே கரைகிற இடம். வார்ப்பு அச்சு செய்யும் மணலில் ஈரம் கூடினால், உருகிய இரும்பு பட்டதும் அது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் வார்ப்புக்குள் துளையாகத் தங்கிவிடும். அதுவரை பிள்ளைகளுக்குத் தெரியும். பட்டறைக்கு வந்ததும் மேஸ்திரி அண்ணனிடம் நேராகக் கேள்வித்தாளை நீட்டினார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "முதல்ல பக்கத்துல நின்னு பாரு கண்ணு, அப்புறம் கேளு" என்றார்.

நின்று பார்த்தார்கள். மதியத்துக்குமேல், ஒருமுறை வார்த்து முடித்த மணல் மறுபடி கலக்கச் சூடாகத் திரும்பி வருகிறது, அதனால் தண்ணீரைக் குத்துமதிப்பாகக் கூட்டி ஊற்றுகிறார்கள் என்று கவனித்துச் சொன்னவள், வகுப்பில் வாயே திறக்காத மாணவி.

முதலாளி ஐயா, ஆங்கில ஸ்லைடுகளைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதை மணல் கலக்குற பையனுக்குச் சொல்லுங்க, அப்புறம் எனக்கு" என்றீர்களே, அதற்குத் தனி நன்றி. அந்தத் தம்பி பீகார்க்காரர். பிள்ளைகள் அவரோடு உட்கார்ந்து, இந்தி தெரிந்த தோழர்களிடம் கேட்டு, படம் போட்ட ஒற்றைத் தாளாக அதை மாற்றினார்கள். மென்திறன் வகுப்பு நாங்களும் நடத்துகிறோம். எதிரில் இருப்பவருக்குப் புரிகிறதா என்று முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கம் அந்த வகுப்பில் வந்து நான் கண்டதில்லை.

பட்டறையில் படிப்பது கோவைக்குப் புதிதும் இல்லை. இங்கே பி.எஸ்.ஜி. தொழிற்பட்டறை 1926-இல் வந்தது; பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951-இல்தான். பட்டறையை ஒட்டியே படிப்பு வளர்ந்த ஊர் இது. நடுவில் எங்களைப் போன்ற பல கல்லூரிகள் விலகிப் போய்விட்டோம்.

வேலை நேரத்தில் எங்களால் உங்களுக்கு இடைஞ்சல் இருந்திருக்கும். காட்டிக்கொள்ளவே இல்லை. ஷூ, ஹெல்மெட் இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடாத ஆபீஸ் அக்காவுக்கும் நன்றி.

அறிக்கையின் தமிழ்ப் பிரதியை ஆபீஸில் கொடுத்திருக்கிறோம். மேஸ்திரி அண்ணன் படித்துவிட்டுத் தப்பு இருந்தால் சொல்லட்டும். அடுத்த செட் மாணவர்கள் ஜூலையில் வருவார்கள். உங்களுக்குத் தலைவலியாக இருக்கிற வேறொரு வேலையை அவர்களுக்கு எடுத்து வையுங்கள்.