அணை நிரம்பிய ஆண்டிலேயே பற்றாக்குறைக் கணக்கை முடியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த 2025ஆம் ஆண்டு ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்பட்டது. 29ஆம் தேதியே 120 அடியும் நிரம்பிவிட்டது. காவிரிச் சண்டை என்ற பேச்சையே எங்கும் காணோம். இந்தக் கடிதத்தை எழுதத் தோன்றியதே அதனால்தான்.

நான் பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன். மன்னார்குடிப் பக்கம் ஒரு வாய்க்காலின் தலைப்பு மதகு என் பொறுப்பில் இருந்தது. ஷட்டரைத் திருகி ஏற்றுவது, இறக்குவது, சுவரில் வரைந்திருக்கும் அளவைக் காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுதுவது, பூட்டைக் காப்பது ஆகியவைதாம் வேலை. தண்ணீர் தாராளமாக வரும் ஆண்டில் என்னை ஒருவரும் தேட மாட்டார்கள். சுண்டிப்போகும் ஆண்டில் நள்ளிரவில் டார்ச் விளக்கோடு மேலூர்க்காரர்கள் ஒரு கரையில் நிற்பார்கள், கீழூர்க்காரர்கள் எதிர்க்கரையில் நிற்பார்கள். ஷட்டருக்கு அடியில் நான்கு விரல் இடைவெளி விட்டிருந்தால் அதிலும் வைக்கோலையும் சாக்கையும் திணித்துவிடுவார்கள். விடிந்து பார்த்தால் கீழே வாய்க்கால் மணல் தெரியும். ஒருமுறை பூட்டுத் துவாரத்தில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியிருந்தார்கள். இரண்டும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள். அந்த ஆண்டு சம்பந்தி வீட்டுக் காதுகுத்துக்குக்கூடப் போக்குவரத்து இல்லை.

அது தீர்ந்தது போலீஸ் வந்ததால் அல்ல. அடுத்த ஆண்டு நல்ல விளைச்சல். அறுவடை முடிந்து எல்லோர் கையிலும் நாலு காசு இருந்த சித்திரை மாதத்தில், வாய்க்கால் காய்ந்து கிடந்தபோது, இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கோயிலில் உட்கார்ந்து எழுதினார்கள். மதகில் இன்ன அளவுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் அன்றிலிருந்து முறை தொடங்கும். மூன்று நாள் மேலே, நான்கு நாள் கீழே. இரவுக் காவலுக்கு ஊருக்கு ஓர் ஆள். அதற்குப் பிறகும் வாய்ச்சண்டை இருந்தது. அரிவாள் வரவில்லை.

தமிழ்நாடு, கர்நாடகம் என்ற இரண்டு மாநிலங்களுக்கு இடையே இல்லாமல் இருப்பது இந்த ஒரு தாள்தான்.

தீர்ப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. 2007இல் காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு தந்தது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தி, மாநில எல்லையில் தண்ணீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் நமக்குரிய தண்ணீரை 192 டி.எம்.சி.யிலிருந்து (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) 177.25 டி.எம்.சி. ஆக்கியது. மாதவாரி அட்டவணையும் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கெல்லாம் படுகையின் மொத்த நீர் 740 டி.எம்.சி. என்பதில் தொடங்குகிறது. அது 50 விழுக்காடு நம்பகத்தன்மை கொண்ட அளவு. அதாவது ஏறக்குறைய இரண்டு ஆண்டில் ஓர் ஆண்டு அதைவிடக் குறையும் என்பது கணக்குக்குள்ளேயே இருக்கிறது. குறைந்தால் விகிதப்படி எல்லோர் பங்கும் குறையும் என்று நடுவர் மன்றம் சொன்னதோடு சரி. குறைந்துவிட்டது என்று எந்தத் தேதியில், எதை அளந்து முடிவு செய்வது என்பதில் இரு மாநிலங்களும் இன்றுவரை உடன்படவில்லை.

2002, 2012, 2016, 2023 என்று பெரிய மோதல் வந்த ஆண்டுகளைப் பாருங்கள். எல்லாம் மழை பொய்த்த ஆண்டுகள். 2016 செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் வரிசையாக எரிந்ததை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஓர் உயிர் போனது. (1991 டிசம்பர் கலவரத்தை இந்தப் பட்டியலில் நான் சேர்க்க மாட்டேன். அது இடைக்காலத் தீர்ப்பை வைத்து மூட்டிவிட்ட தீ. மழை மேல் பழி போடுவது அநியாயம்.)

இனிமேல் இந்த ஆண்டுகள் நெருங்கி நெருங்கி வரும் என்பதுதான் என் அச்சம். 2023 ஆகஸ்டில் நாடு முழுவதும் பெய்த மழை 1901 முதலான பதிவுகளிலேயே மிகக் குறைவு. ஜூன் 12இல் திறந்த மேட்டூரை அக்டோபர் 10இல் மூடினார்கள். நொடிக்கு ஐந்தாயிரம் கன அடித் தண்ணீருக்காக இங்கே உண்ணாவிரதம், அங்கே பந்த். அதற்கு முந்தைய ஆண்டிலோ நமக்குரியதைப் போல மூன்று மடங்குக்கு மேல் வந்து, மிஞ்சியது கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது. 2018 ஆகஸ்டில் வெள்ளம் திருச்சி அருகே முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பதை அடித்துக்கொண்டு போனது. 2024 ஜூலை 30 அன்று மேட்டூர் நிரம்பியது. அன்று அதிகாலையில்தான் வயநாட்டில் மலை சரிந்து ஊர்களை மூடியது. ஆண்டின் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். நாற்றங்கால் மொத்தத்தைக் குடிக்காது. அதற்கு அந்த வாரத்துத் தண்ணீர் வேண்டும்.

ஆகவே வெறும் ஆண்டுக் கூட்டல் போதாது. கர்நாடகத்தில் உள்ள கிருஷ்ணராஜசாகர், கபினி, ஹாரங்கி, ஹேமாவதி ஆகிய நான்கு அணைகளுக்கும் வரும் நீரை முப்பது ஆண்டுச் சராசரியோடு ஒப்பிட்டுப் பற்றாக்குறை விழுக்காடு பார்க்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்று வகுத்து, இத்தனை விழுக்காடு குறைந்தால் இத்தனை கன அடி என்று முன்கூட்டியே எழுதி, இரு மாநிலமும் கையெழுத்திட வேண்டும். அப்படி எழுதினால் நாமும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். நமது வடகிழக்குப் பருவமழையும் நிலத்தடி நீரும் கணக்கில் வரும். உச்ச நீதிமன்றம் 10 டி.எம்.சி. நிலத்தடி நீரை ஏற்கெனவே சேர்த்துவிட்டது. பெங்களூரின் தாகமும் பொய்யில்லை. 2024 மார்ச்சில் அங்கே குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவிக்கும் நிலை வந்தது. அந்த நகரத்தில் நம் பிள்ளைகளும்தான் குடத்தோடு நின்றார்கள். இதை மேடையில் சொல்ல எந்தக் கட்சிக்கும் துணிவில்லை என்பது எனக்குத் தெரியும். அணை நிறைந்திருக்கும்போது சொன்னால் கல்லெறி கொஞ்சம் குறைவாக விழும்.

காவிரியின் குறுக்கே மேகதாதுவில் 67 டி.எம்.சி.க்கு அணை கட்டினால் எல்லாம் தீரும் என்று கர்நாடகம் சொல்கிறது. மழை இல்லாத ஆண்டில் அணை தண்ணீரைப் பெற்றெடுக்காது. திறக்கும் அதிகாரம் யாரிடம் என்பது எழுதப்படாமல் இன்னொரு பூட்டைப் போடுவதை நான் எதிர்க்கிறேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மேட்டூர் நீர்மட்டத்தை நாள்தோறும் வெளியிடுகிறீர்கள். அதற்குப் பக்கத்திலேயே, அந்தத் தேதிவரை பிலிகுண்டுலுவில் வர வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு, அந்த நான்கு அணைகளுக்கு வந்தது சராசரியில் எத்தனை விழுக்காடு என்று மூன்று வரிகள் சேர்த்துப் போடுங்கள். தண்ணீர் நிறைந்த இந்த மாதங்களிலேயே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லஸ்கர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்