ராமானுஜன் பேசும் வீடியோ பற்றி

அன்புள்ள கண்ணா,

பேரன் செய்த வீடியோவைப் பார்த்தேன், அப்பாவுக்கும் காட்டினேன். கணித மேதை ராமானுஜனின் அந்த பாஸ்போர்ட் படம் கண்ணைச் சிமிட்டி, தலையை ஆட்டி, கணீரென்று தமிழில் பேசுகிறது. இந்த வயதில் இதையெல்லாம் செய்கிறானே என்று அப்பாவுக்கு ஒரே பெருமை. எனக்கும்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் போட்டுக் காட்டும் முன் சில விஷயங்களைச் சொல்லிவிடத் தோன்றுகிறது. போனில் ஆரம்பித்தால் நடுவில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

"என் கொள்ளுப்பாட்டி ராமானுஜனின் மனைவியிடம் தையல் கற்றவர்" என்று தொடங்குகிறானே, அது நிஜம். உன் பாட்டி திருவல்லிக்கேணியில் கல்யாணமாகி வந்த புதிதில், ஹனுமந்தராயன் கோயில் தெருவில் இருந்த ஜானகி மாமியிடம்தான் ரவிக்கை வெட்டக் கற்றுக்கொண்டாள். ராமானுஜன் யாரென்று அப்போது அவளுக்குச் சரியாகத் தெரியாது. நன்றாகத் தைக்கத் தெரிந்த மாமி, அவ்வளவுதான். 1962 டிசம்பரில் அவர் படம் போட்ட தபால்தலை வந்தபோதுதான், "நம்ம மாமியோட வீட்டுக்காரரா!" என்று வியந்தாளாம். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது மாமியைத் தெருவில் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் நமக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இந்தச் சின்னத் தொடர்பே எனக்குப் போதும், அதை உள்ளபடி சொன்னாலே பெருமைதான்.

வீடியோவின் கடைசியில் அவர் தன் மனைவியைப் பற்றி உருகி இரண்டு வரி பேசுகிறார், பார்த்தாயா? என்னால் தாங்க முடியாதது அந்த இடம்தான்.

1909-ல் கல்யாணம் நடந்தபோது ஜானகிக்குப் பத்து வயது. 1914 மார்ச்சில் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். திரும்பி வந்தது 1919 மார்ச்சில். அந்த ஐந்து வருடமும் இவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் போய்ச் சேரவில்லை, மாமியார் நடுவில் எடுத்து வைத்துக்கொண்டார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவர் வந்த பிறகும் ஒரு வருடம்தான். அதுவும் படுத்த படுக்கை. வலி என்றால் வெந்நீரில் துணி நனைத்து நெஞ்சிலும் காலிலும் ஒத்தடம் கொடுத்தது இவர்தான். அந்த நிலையிலும் அவர் கணக்குப் போடுவதை நிறுத்தவில்லை. 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் காலமானபோது ஜானகிக்கு வயது 21. அப்புறம் பம்பாயில் அண்ணன் வீட்டில் இருந்து தையல் கற்று, திரும்பி வந்து, தையலும் சின்னப் பென்ஷனுமாகக் காலம் தள்ளி, ஒரு பையனைத் தத்தெடுத்துப் படிக்கவைத்து, 1994 வரை வாழ்ந்தார். அந்த வெந்நீர்ப் பாத்திரங்கள் இரண்டையும் பத்திரமாக வைத்திருப்பதாக வயதான காலத்தில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

எழுபத்து நாலு வருடம் தனியாக இருந்தவர் கண்ணா. அவர் கணவர் என்ன பேசினார் என்று அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. ராமானுஜனின் குரலைப் பதிவு செய்து வைத்தவர் யாரும் இல்லை. அந்த வாயில் ஒரு வசனத்தை வைக்க நாம் யார்? ஜானகி மாமி உயிரோடு இருந்தால் அவர் முன்னால் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுவாயா? எனக்குக் கை வராது.

அந்தப் படமே அவர் மூலமாகத்தான் நமக்குக் கிடைத்தது. 1936-ல் வானியல் விஞ்ஞானி சந்திரசேகர், ராமானுஜனை இங்கிலாந்துக்கு அழைத்த கணிதப் பேராசிரியர் ஹார்டிக்காக அவர் படம் ஒன்று தேடி ஜானகி மாமியைப் பார்க்கப் போனார். பழைய பாஸ்போர்ட்டில் இருந்த படம் அப்படித்தான் வெளியே வந்தது. எண்பதுகளில் அமெரிக்கச் சிற்பி பால் கிரான்லண்ட் மார்பளவுச் சிலை செய்ததும் அதே படத்தைப் பார்த்துத்தான். சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று மாமி வருத்தப்பட்டதைக் கேள்விப்பட்டு, பல நாட்டுக் கணித அறிஞர்கள் பணம் போட்டுச் செய்த சிலை அது. சிற்பியும் படத்தில் இல்லாததைக் கற்பனையில் நிரப்பித்தானே செய்தார் என்று நீ கேட்பாய். நானும் அதை யோசித்தேன். ஆனால் சிலையைப் பார்க்கிற யாரும் அதை ராமானுஜன் என்று நம்பிவிடுவதில்லை. வீடியோவைப் பார்க்கிற குழந்தை நம்பிவிடும். அவர் மனைவியைப் பற்றிச் சொன்னது இதுதான் என்று மனதில் பதிந்துவிடும்.

அம்மாவுக்குப் புதுசு எதுவும் பிடிக்காது என்று நினைக்காதே. ஞாயிற்றுக்கிழமை உன் முகத்தையும் குழந்தைகள் முகத்தையும் போனில் பார்க்கிறேனே, கடிதம் கைக்கு வராமல் ஐந்து வருடம் காத்திருந்த அந்தப் பெண்ணை நினைத்தால் அது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று தெரிகிறது. வீடியோ பார்த்த அன்றைக்கே ராமானுஜனின் நோட்டுப் பக்கங்களை போனில் தேடி எடுத்தேன். 1976-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தாரே, கடைசி வருடம் அவர் எழுதிய தாள்கள், அவையும் கிடைத்தன. கணக்கு எனக்குப் புரியாது. விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கி அந்தக் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்தேன். மாமி ஒத்தடம் கொடுத்த நாட்களில் எழுதியது. ஒரு காலத்தில் கேம்பிரிட்ஜுக்குப் போனால்தான் பார்க்கக் கிடைத்ததை, இங்கே சமையலறையில் உட்கார்ந்தபடி நான் பார்க்கிறேன். இதைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அதனால் பயலைத் திட்டாதே. ஆசையாகச் செய்திருக்கிறான். பேசுகிற பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நோட்டுப் பக்கம் ஒன்றைக் காட்டச் சொல். ஜானகி மாமியைப் பற்றி நான் எழுதியதை அவனே தன் குரலில் படிக்கட்டும். படத்தை அசைத்துத்தான் ஆகவேண்டும் என்று அடம்பிடித்தால், இது கம்ப்யூட்டர் செய்தது, அவர் குரல் இல்லை என்று முதலிலேயே எழுதிக் காட்டட்டும். ஆனால் மனைவியைப் பற்றிய அந்த இரண்டு வரி வேண்டவே வேண்டாம்.

உன் பாட்டி வெட்டிப் பழகிய ரவிக்கை அளவுத் தாள்கள் சில இன்னும் பீரோவில் இருக்கின்றன. அப்பாவை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன், அதையும் சேர்த்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்தில் என்றைக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டு எழுது. அதற்கு முந்தின ஞாயிறு அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கூப்பிடு, மற்றதை நானே சொல்கிறேன். மருமகளிடம் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அம்மா