கையெழுத்துப் போடவில்லை

அன்புள்ள முரளி,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பேத்தி பிறந்த சேதியைச் சேது சொன்னான். மூக்காவது உன்னுடையதாக இல்லாமல் இருக்கட்டும்.

சென்ற வாரம் அகமதாபாத்தில் ஓர் அடுக்குமாடி முற்றத்தில் ராத்திரி மண் அதிர்வு அளந்தேன். லாரி, காற்று, தூரத்துக் கடலலை என்று தரை எந்நேரமும் நமக்குத் தெரியாமல் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. கருவியை மண்ணில் ஊன்றி, மட்டக்குமிழியை நடுவில் நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் கிட்டே யாரும் நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கவாட்டு ஆட்டத்தை மேல்கீழ் ஆட்டத்தால் வகுத்தால், மண் எந்த அதிர்வெண்ணில் ஆடத் துடிக்கிறதோ அங்கே வரைபடத்தில் கோடு மேடாக எழும். ஜப்பானின் நாகமுரா 1989இல் பிரபலமாக்கிய முறை.

தூக்கம் வராத ஒரு பெரியவர் எட்ட நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். 2001 ஜனவரி 26, காலை 8:46க்கு வந்த குஜராத் நிலநடுக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "நடுக்கம் கட்ச்சில், இருநூறு கிலோமீட்டருக்கு மேல். எதிர் வீடு அப்படியே உட்கார்ந்துவிட்டது" என்றார். எனக்கு 1985இல் மெக்சிகோ நகரத்தைக் குலுக்கிய நிலநடுக்கம்தான் நினைவுக்கு வந்தது. மையம் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால். ஆனால் பழைய ஏரிக் களிமண் இரண்டு விநாடிக்கு ஒரு முறை ஆடியது. அதோடு தாளம் சேர்ந்த நடுத்தர உயரக் கட்டடங்கள்தான் அதிகம் விழுந்தன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த மேட்டின் உயரம் ஐந்து என்றால், நடுக்கம் ஐந்து மடங்காகும் என்று அறிக்கையில் எழுதச் சொன்னார்கள். மேடு எங்கே எழுகிறது என்பதை நம்பலாம் முரளி, எவ்வளவு உயரம் என்பதை அப்படி நம்பக் கூடாது. அதற்குத் துளையிட்டு மண்ணின் அலைவேகம் அளக்க வேண்டும், நிஜ நடுக்கப் பதிவு வேண்டும். அதோடு, பலமாகக் குலுக்கினால் மண்ணே இளகி வேறு மாதிரி ஆடும். அந்த ஒற்றை எண்ணை நம்பி ஒருவர் தூணுக்குக் கம்பி கணக்குப் போடுவார். நான் கையெழுத்துப் போடவில்லை. வேலை போனாலும் போகட்டும். வசந்தாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் உளறிவிடாதே.

அப்புறம், நீ பார்த்திருக்கும் ஃப்ளாட்டில் கீழ்த்தளம் முழுக்க பார்க்கிங் என்று எழுதியிருந்தாயே. வெறும் தூண்கள்தானா, இடையில் சுவர் உண்டா? அகமதாபாத்தில் அப்படி நின்றவை பல விழுந்தன. மண் பரிசோதனை அறிக்கையையும் தூண் வரைபடத்தையும் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பு. அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
ரகு