கேட்டருகே நிற்கும் தூங்குமூஞ்சி மரம் பற்றி, பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பள்ளி கேட்டருகே நிற்கும் தூங்குமூஞ்சி மரம் பட்டுப்போய்விட்டது, பிள்ளைகள் மேல் கொப்பு ஒடிந்து விழுவதற்குள் வெட்டிவிடுங்கள் என்று உங்களில் பலர் சொல்லியிருக்கிறீர்கள். சிலர் எழுதியே கொடுத்துவிட்டீர்கள். கவலை நியாயமானது. ஆனாலும் மரத்தை வெட்டப் போவதில்லை.

முதல் காரணம், அது சாகவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப்போய், கைக்கு எட்டிய கொப்புகளில் மேல்தோலை நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சொன்னோம். நுனிக் குச்சிகள் பழுப்பேறிக் கிடந்தன, மடக்கினால் சடக்கென்று ஒடிந்தன. ஒரு சாண் உள்ளே தள்ளிச் சுரண்டினால் நல்ல பச்சை, நகத்தில் ஈரம் ஒட்டியது. வேர் தண்ணீர் கொடுக்க முடியாதபோது, இலை வழியாகப் போகும் செலவை மரம் நிறுத்துகிறது, அவ்வளவுதான். வேம்பும் புங்கனும்கூட மாசி, பங்குனியில் உதிர்த்துத் தளிர்ப்பவைதானே. இந்த வருஷம் உதிர்ந்தது அதிகம், வந்த தளிர் சின்னது.

அதற்காக இப்படியே விட்டுவிடவும் முடியாது. வறட்சி மரத்தில் காட்டும் சேதம் தாமதமாகத்தான் கண்ணுக்குத் தெரியும். தோப்பு வைத்திருக்கும் பெற்றோர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. ஆனால் அப்படிப்பட்ட அடி அந்த ஒரு வருஷத்தோடு முடிவதில்லை. தென்னையின் குருத்துக்குள் பாளை கருக்கொள்வதிலிருந்து காய் முற்றுவதுவரை மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். கருக்கொண்ட நாளில் தண்ணீர் இல்லையென்றால், பின்னால் மழை கொட்டினாலும் அந்தக் குலையில் காய் குறைவுதான். ஊருக்குள் நிற்கும் மரத்துக்குத் தேங்காய்க் கணக்கு இல்லாததால் நாம் கவனிப்பதில்லை. உறிஞ்சு வேர்கள் கருகியிருக்கும், சோர்ந்த மரத்தைத் தேடி வண்டு துளைத்திருக்கும். ஒன்றிரண்டு வருஷம் கழித்து உச்சிக் கொப்பு காயும்போது, திடீரென்று பட்டுவிட்டது என்போம்.

மேற்கே சிறுவாணி மலையில் கொட்டுகிற மழை நமக்குக் குழாயில் வரலாமே தவிர, கோவையின் மண்ணில் விழுவதில்லை. மழை மறைவில் இருக்கும் ஊர் இது, வருஷத்துக்கு ஏறக்குறைய 70 சென்டிமீட்டர்தான். அதிலும் பாதிக்குப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையை நம்பியது. விழுகிற அதையும் பேவர் பிளாக் கல் சாக்கடைக்கு அனுப்பிவிடுகிறது. எனவே மரத்தைச் சுற்றி, அதன் நிழல் விழும் அகலத்துக்குக் கற்களைப் பெயர்த்து எடுக்கிறோம். தண்ணீரை உறிஞ்சும் வேர்கள் அடிமரத்தை ஒட்டி இருப்பதில்லை, நிழலின் ஓரத்திலும் அதற்கு வெளியிலும்தான் இருக்கின்றன. அங்கே வட்டப்பாத்தி எடுத்து, சாயங்காலத்தில் மெதுவாக நிறையத் தண்ணீர் விட்டு, சருகால் மூடாக்குப் போடுவோம். பள்ளியில் இனி சருகு கொளுத்துவதில்லை.

காய்ந்த கொப்புகளை ஆள் வைத்துக் கழிக்கிறோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடிக் காற்றுக்கு முன்னால் இது முடிந்தாக வேண்டும், உங்கள் பயத்துக்கும் அதுதான் பதில். வேலை முடியும்வரை பிள்ளைகளைப் பின் கேட்டில் கொண்டுவந்து விடுங்கள், அங்கேயே அழைத்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருப்பது தயவுசெய்து வேண்டாம்.

இனித் தண்ணீர். குழாயில் நல்ல தண்ணீர் வரும் நாள் தள்ளித் தள்ளிப் போவது எல்லார் வீட்டிலும் தெரிந்ததே. பள்ளியில் அதைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வைத்துக்கொள்கிறோம். மற்றதெல்லாம் போர் தண்ணீர். அதுவும் அடிக்குப் போகப் போக உப்பு கூடுகிறது. வராண்டாவைத் தினமும் கழுவிவிடுவதை நிறுத்திவிட்டோம், பெருக்கித் துடைப்பது போதும். பாட்டிலில் மிச்சமாகும் தண்ணீரைப் பிள்ளைகள் புங்க மர வரிசையில் ஊற்றிவிட்டு வருவார்கள், பாட்டில் காலியாக வந்தால் குடிக்கவில்லை என்று கோபிக்காதீர்கள்.

ஒரு விஷயம். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைச் செடிக்காகக் கேன் பிடித்துக் கொண்டுவந்து தருகிறீர்கள். நல்ல மனசு. ஆனால் உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்தத் தண்ணீரில்தான். போர் தண்ணீரைச் சுத்திகரிக்கும் வீடுகளில் இன்னும் மோசம். கன்றுகளுக்கு அதைத் தொடர்ந்து ஊற்றினால் இலை ஓரம் கருகிவிடும். வீட்டிலேயே தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு கழுவிய தண்ணீர் இருந்தால் உங்கள் வாசலில் நிற்கும் மரத்துக்கே ஊற்றுங்கள்.

பிறந்தநாளுக்கு மரக்கன்று கொடுக்கும் வழக்கத்தையும் மழை வரும்வரை நிறுத்தி வைக்கிறோம். சிலருக்கு வருத்தம் இருக்கும், தெரியும். கன்றோடு படம் எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறது, சித்திரையில் குடம் தூக்கத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது. ஐப்பசியில் கொடுங்கள், சந்தோஷமாக நடலாம்.

அப்புறம், மே மாதம் பள்ளி பூட்டியிருக்கும். வாட்ச்மேன் ஒருவரால் எல்லா மரத்தையும் பார்க்க முடியாது. பள்ளிக்குப் பக்கத்துத் தெருக்களில் குடியிருப்பவர்கள் வாரத்தில் ஒரு சாயங்காலம், பிள்ளையோடு வந்து தண்ணீர் விட முடியுமா? பைப்பும் வாளியும் பள்ளியிலேயே இருக்கும். வர முடிந்தவர்கள் எந்தக் கிழமை என்று டைரியில் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்