லாரி நிற்பது எங்கள் தெருவில், கணக்கு சேர்வது எந்த மாகாணத்தில்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாகாணப் பொருளாதாரம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தென்னாப்பிரிக்காவில் நம் மாகாணமான குவாசுலு-நட்டாலின் பொருளாதாரத்தில் போக்குவரத்துத் துறையின் பங்கு பெரிது, ஆகவே இங்கே வளம் பெருகுகிறது என்று எழுதியிருந்தீர்கள். டர்பனில் ஒரு லாரி கம்பெனியில் ஓய்வு பெறும்வரை கணக்கு எழுதியவன் நான். அந்தப் பங்கைக் காட்டும் எண்ணுக்குள் எது இருக்கிறது, எது இல்லை என்பதையும் வாசகர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

வசூலான வாடகை முழுவதும் அதில் சேராது. ஜோகன்னஸ்பர்க்குக்கு ஒரு கண்டெய்னர் கொண்டுபோக 100 ரேண்ட் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். டீசல், டயர், டோல், ரிப்பேர் எல்லாம் சேர்ந்து 65 ரேண்ட் போய்விட்டால், மிச்சம் 35தான் போக்குவரத்துத் துறையின் மதிப்புக்கூட்டல். டிரைவர் சம்பளமும் முதலாளி லாபமும் அதற்குள் அடக்கம். டீசல் விலை ஏறும்போது வாடகையும் ஏறி, பில் தொகை பெரிதாகத் தெரியும். அந்த 35 மட்டும் சுருங்கிப் போயிருக்கலாம்.

அப்புறம், அந்த 35 எந்த மாகாணத்துக்குப் போகிறது? பல மாகாணங்களில் தொழில் செய்யும் கம்பெனியின் மதிப்பை, எங்கெங்கே எவ்வளவு சம்பளம் கொடுக்கிறது என்று பார்த்துப் பிரிப்பது வழக்கம். டிரைவரின் சம்பளம் ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கவுட்டெங் மாகாணத்து டெப்போவில் பதிவாகியிருந்தால், அவர் என்-3 நெடுஞ்சாலையில் நம் மாகாணம் முழுக்க ஓட்டினாலும் மதிப்பு கவுட்டெங்கில் சேர்ந்துவிடும். தேய்ந்த சாலை மட்டும் நம்முடையது.

டர்பன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் நான் பிறந்த கிளேர்வுட்டுக்கு வந்து பாருங்கள். நாட்டின் கண்டெய்னர்களில் பாதிக்கு மேல் டர்பன் துறைமுகம் வழியாகத்தான் போகின்றன. அந்த லாரிகளுக்கு நிற்க இடமில்லாமல், குடும்பங்கள் வாழ்ந்த மனைகளெல்லாம் லாரி டெப்போக்களாகிவிட்டன. தைப்பூசத்தன்று காவடி எடுத்து வருபவர்கள் சிவ சுப்ரமணியர் கோவிலுக்குப் போகும் தெருக்களில்தான் மற்ற நாட்களில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. வாசலில் புகை, சுவரில் விரிசல், பிள்ளைகள் சைக்கிள் ஓட்ட வழியில்லை. இவை எந்தக் கணக்கிலும் கழிக்கப்படுவதில்லை. டெப்போவின் வருமானம் மட்டும் வளர்ச்சியாக ஏறுகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொன்றும் உண்டு. நம் புள்ளியியல் துறை போக்குவரத்து, கிடங்கு, தகவல் தொடர்பு மூன்றையும் ஒரே தலைப்பில் போடுகிறது. செல்போன் கம்பெனி நன்றாகச் சம்பாதித்தால் லாரித் தொழில் படுத்துக் கிடப்பது அந்தத் தலைப்பில் தெரியாது. சொந்த லாரியில் சரக்கு கொண்டுவரும் சூப்பர் மார்க்கெட்டின் ஓட்டமோ வணிகத் துறையில் போய்ச் சேரும். அமெரிக்காவில் இப்படி மற்ற தொழில்களுக்குள் மறைந்திருக்கும் போக்குவரத்தை வெளியே எடுத்துக் காட்டத் தனியாக ஒரு துணைக் கணக்கே வைத்திருக்கிறார்கள். நமக்கும் அது வேண்டும். மினிபஸ் டாக்சி பற்றிச் சொல்லவே வேண்டாம். 2020ஆம் ஆண்டுப் பயணக் கணக்கெடுப்பின்படி, பொதுப் போக்குவரத்தில் வேலைக்குப் போகிறவர்களில் சுமார் 80 விழுக்காட்டினர் டாக்சியில்தான் போகிறார்கள். ரசீதே இல்லாமல் கைமாறும் அந்தப் பணத்தை மதிப்பிட்டுத்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது.

மின்சாரம், தண்ணீர் துறையின் கணக்கிலும் இதே சிக்கல்தான். அரசு மின் நிறுவனமான எஸ்காமின் நிலக்கரி மின்நிலையங்கள் பெரும்பாலும் முமலாங்கா மாகாணத்தில் இருப்பதால் உற்பத்தியின் மதிப்பு அங்கே சேர்கிறது. நகராட்சி வாங்கி விநியோகிப்பதன் மதிப்புதான் டர்பனுக்கு. முறை வைத்து மின்சாரத்தை நிறுத்திய லோட்ஷெடிங் காலத்தில் சாட்ஸ்வொர்த் கடைக்காரர்கள் ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசல் மின்துறைக் கணக்கில் வரவே வராது. அது கடையின் செலவாகி, கடையின் மதிப்புக்கூட்டலைக் குறைத்துவிடும். தண்ணீரிலோ, நகரம் சுத்திகரித்து அனுப்புவதில் பாதிக்கு மேல் வருமானம் தராமலே போகிறது. உடைந்த குழாயில் ஓடியதையும், பில் போடாமல் விட்டதையும் அந்த ஒரே எண்ணை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டோங்காட் சுத்திகரிப்பு நிலையம் பாழாகி, அங்குள்ளவர்கள் பல மாதம் தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தார்கள். வாளி தூக்கி நடந்த பெண்களின் உழைப்புக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

அடுத்த முறை மாகாண எண்களை வெளியிடும்போது மூன்று விஷயங்களைப் பக்கத்திலேயே போடுங்கள்: அது மொத்த வசூலா மதிப்புக்கூட்டலா, நடப்பு விலையிலா நிலையான விலையிலா (அதாவது விலையேற்றத்தைக் கழித்ததா), தகவல் தொடர்பு உள்ளே இருக்கிறதா இல்லையா. அதோடு கிளேர்வுட்டுக்கு ஒரு நிருபரை அனுப்புங்கள். தெருத் தெருவாக நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்