கடைசித் தெருக் குழாயைத் திறந்து பாருங்கள்

ஊராட்சி மன்றத் தலைவர்கள், தனி அலுவலர்கள், ஊராட்சிச் செயலர்கள், எல்லோருக்கும் முன்னதாக டேங்க் ஆபரேட்டர்கள் கவனத்துக்கு,

வணக்கம். ஐப்பசி மழை பிடித்துக்கொள்வதற்குள் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறோம். குடிநீர் வழங்கலிலும் பொது சுகாதாரத்திலும் வேலை பார்க்கிறவர்கள் நாங்கள். கேட்பது ஒன்றுதான். பிளீச்சிங் பவுடர் எத்தனை கிலோ போட்டீர்கள் என்று பதிவேட்டில் எழுதுகிறீர்களே, அதோடு நிறுத்தாதீர்கள். கடைக்கோடித் தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் எவ்வளவு மிஞ்சியது என்பதையும் தினமும் எழுதுங்கள்.

தண்ணீர் டேங்க்கில் கெடுவதைவிட வழியில் கெடுவதுதான் அதிகம். நம் ஊர்களில் காலையில் ஒரு மணி நேரம், சில இடங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். வால்வை மூடியதும் பள்ளத்துத் தெருவில் இருப்பவர்கள் குழாயில் மிச்சமிருப்பதைப் பிடித்துக்கொள்கிறார்கள். மேட்டுத் தெருக் குழாய் காலியாகிறது. உள்ளே அழுத்தம் குறைந்து, வெளியிலிருப்பதை இழுக்கத் தொடங்குகிறது. காலையில் நல்ல தண்ணீரைக் கசியவிட்ட அதே ஓட்டை இப்போது சாக்கடையை உறிஞ்சும். லைனில் நேரடியாக மோட்டார் வைத்து இழுக்கும் வீடு ஒன்று இருந்தால் போதும், சப்ளை நடக்கும்போதே பக்கத்து வீட்டுக் குழாயில் இது நடக்கும்.

அந்த ஓட்டை பெரும்பாலும் மெயின் குழாயில் இருக்காது, வீட்டு இணைப்பில்தான் இருக்கும். சாக்கடையைக் குறுக்காகக் கடக்கும் அரை இஞ்ச் குழாயைக் குனிந்து பாருங்கள். ஜி.ஐ. என்கிற இரும்புக் குழாய் என்றால் கழிவுநீர் தொடும் மட்டத்தில் துருவேறி உதிர்ந்திருக்கும். பி.வி.சி. என்றால் எல்போ பக்கம் கீறல் விட்டிருக்கும். அதன்மேல் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருப்பார்கள். கசிவு வெளியே தெரியாமல் மறைக்கத்தான் அந்தக் கட்டு உதவும். வால்வு மூடிய நேரத்தில் அதே இடுக்கு வழியாகச் சாக்கடை உள்ளே போகும்.

இன்னொன்று, குழிக் குழாய். தண்ணீர் மேலே ஏறவில்லை என்று வாசலில் இரண்டடி பள்ளம் தோண்டி, அதற்குள் குழாயை இறக்கிக் குடம் வைக்கிறார்கள். மழை பெய்தால் பள்ளம் நிறைந்து குழாய் வாய் மூழ்கிவிடும். அடைப்பான் இல்லாத குழாய் என்றால் ஓட்டையே தேவையில்லை, பள்ளத்துத் தண்ணீர் நேராக லைனுக்குள் போய்விடும். அந்த வீட்டுக்காரரைத் திட்டிப் பயனில்லை. அவருக்கு ஏன் அழுத்தம் கிடைக்கவில்லை என்று பார்த்து, இணைப்பைத் தரைக்கு மேலே ஒன்றரை அடி தூக்கிக் கொடுப்பது ஊராட்சியின் வேலை.

இந்த ஓட்டைகளையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். அதற்குத்தான் கடைசிக் குழாய்க் கணக்கு. இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 சொல்வது: குழாயில் மிஞ்சும் குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். வைரஸிலிருந்து காப்பு தேவைப்படும் நேரத்தில் 0.5. டேங்க் அடியில் 1.0, முதல் தெருவில் 0.8, நடுத்தெருவில் 0.6 என்று இறங்கி வந்து, ஒரு தெருவில் மட்டும் பூஜ்ஜியம் என்றால் அங்கே ஏதோ குளோரினைத் தின்கிறது. அநேகமாகச் சாக்கடைதான். ஊர் முழுக்கத் தோண்ட வேண்டாம், அந்தத் தெருவைத் தோண்டினால் போதும். நோய் வருவதற்கு முன்பே கசிவைக் காட்டிக்கொடுக்க இதைவிட மலிவான வழி எங்களுக்குத் தெரியவில்லை.

மிஞ்சிய குளோரினை நிறத்தால் காட்டும் குளோரோஸ்கோப் பெட்டி பல ஊராட்சிகளில் அலமாரியில்தான் தூங்குகிறது. எடுப்பவர்களும் பெரும்பாலும் தப்பாகப் படிக்கிறார்கள். அதிலுள்ள ஓ.டி. (ஆர்த்தோடொலிடின்) கரைசலைத் தண்ணீரில் விட்டுக் கலக்கியதும், பத்து வினாடிக்குள் தெரியும் மஞ்சளைத்தான் குறிக்க வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் நிறம் ஏறியிருக்கும். அது கழிவோடு சேர்ந்து வலுவிழந்த குளோரினையும் சேர்த்துக் காட்டுகிற நிறம். தண்ணீரில் இரும்போ மாங்கனீசோ நைட்ரைட்டோ இருந்தாலும் பொய் மஞ்சள் காட்டும். போர்வெல் தண்ணீர் ஊர்களில் இந்த ஏமாற்று அதிகம். இளஞ்சிவப்பு காட்டும் டி.பி.டி. மாத்திரைப் பெட்டி கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஓ.டி. உடம்புக்கு ஆகாத சரக்கு, சோதித்த தண்ணீரைக் குடத்துப் பக்கம் கொட்டாதீர்கள்.

இனி பவுடர். புது மூட்டையில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். வாயைச் சணலால் கட்டி மோட்டார் ரூம் ஈரத்தில் வைத்த மூட்டையில் அது நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்று வழக்கமாகச் சொல்லும் கணக்கு, 25 சதவீதம் இருந்தால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் தரும். 15 ஆகிவிட்டால் தருவது 0.6. அதையும் கலங்கல் தண்ணீர் தின்றுவிட்டால் கடைசிக் குழாய்க்கு என்ன மிஞ்சும்?

ஆகவே மனப்பாட அளவை விட்டுவிட்டு, உங்கள் பவுடரையும் உங்கள் தண்ணீரையுமே கேளுங்கள். 40 கிராம் பவுடரை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளியவிடுங்கள். நான்கு பிளாஸ்டிக் வாளிகளில் 20 லிட்டர் வீதம் டேங்க்கில் ஏறும் தண்ணீரைப் பிடித்து, சிரிஞ்சால் அந்தத் தெளிவில் 2, 3, 4, 5 மில்லி விட்டுக் கலக்குங்கள். அரை மணி நேரம் கழித்து ஒவ்வொன்றையும் சோதியுங்கள். 0.5-க்குக் குறையாமல் காட்டும் முதல் வாளிதான் உங்கள் அளவு. ஒரு மில்லிக்கு ஆயிரம் லிட்டருக்கு 2 கிராம். 3 மில்லி விட்ட வாளியில் கிடைத்தால் 6 கிராம்; 30,000 லிட்டர் டேங்க்குக்கு 180 கிராம். பவுடர் பழசா புதுசா என்ற கவலையே இல்லை, அந்தக் குறை இந்தக் கணக்குக்குள்ளேயே வந்துவிடுகிறது. மூட்டை மாறினாலும் மழையில் தண்ணீர் கலங்கினாலும் திரும்பச் செய்ய வேண்டும். கடைசிக் குழாயில் அப்படியும் 0.2 வரவில்லை என்றால் பவுடரைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். வழியில் ஓட்டை இருக்கிறது.

போடும் விதத்திலும் ஒரு தப்பு நடக்கிறது. டேங்க் மூடியைத் திறந்து பவுடரை அப்படியே கொட்டுவது, துணியில் முடிந்து தொங்கவிடுவது இரண்டும் வேண்டாம். கொட்டினால் சுண்ணாம்பு அடியில் படியும், குளோரின் ஒரு மூலையில் நிற்கும். பிளாஸ்டிக் வாளியில் குழைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் டேங்க் கால்வாசி நிறைந்திருக்கும்போது ஊற்றுங்கள். மேலும் ஏறும் தண்ணீரே கலக்கிவிடும். நிறைந்து அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். ஆபரேட்டருக்குக் கையுறையும் முகக்கவசமும் வாங்கிக் கொடுப்பது ஊராட்சிக்குப் பெரிய செலவில்லை.

இவ்வளவு ஏன் என்றால், நோய் காட்டிக்கொடுக்கும்வரை காத்திருக்க முடியாது. காலரா சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் தெரியும். டைபாய்டுக்கு ஒன்று முதல் மூன்று வாரம். காமாலை தரும் வைரஸ்களில் ஹெபடைடிஸ் ஏ இரண்டு முதல் நான்கு வாரம், ஹெபடைடிஸ் ஈ இரண்டு முதல் பத்து வாரம். காமாலை வந்து நீங்கள் சாம்பிள் எடுக்கும் நாளில் ஓட்டை அடைபட்டிருக்கும், தண்ணீர் சுத்தமாக இருக்கும், ‘தண்ணீரில் குறையில்லை’ என்று ஃபைலும் மூடப்படும். 1955 கடைசியில் டெல்லியில் யமுனைத் தண்ணீர் எடுக்கும் இடத்துக்குக் கழிவுநீர் வந்து சேர்ந்தது. குளோரினைக் கூட்டினார்கள், டைபாய்டும் சீதபேதியும் பெருகவில்லை. ஆனால் சில வாரங்களில் 29,000 பேருக்கு மேல் காமாலை. அது ஹெபடைடிஸ் ஈ என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த வைரஸ் கர்ப்பிணிகளுக்கு, அதுவும் கடைசி மூன்று மாதத்தில், உயிருக்கே ஆபத்தானது. காலராவும் பழைய கதை ஆகிவிடவில்லை. 2022 ஜூலையில் காரைக்காலில் பொது சுகாதார அவசரநிலை அறிவிக்க வேண்டி வந்தது அதனால்தான்.

ஒரே தெருவில் ஒரே நாளில் மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு என்று காதில் விழுந்தால், ஆய்வறிக்கைக்குக் காத்திருக்காமல் அந்தத் தெரு வால்வை மூடுங்கள். குளோரின் பார்த்த லாரித் தண்ணீரை அனுப்புங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வீடு வீடாகப் போகட்டும், குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையும் சேர்த்து. குடிக்கும் தண்ணீரைக் கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் கொதிக்கவிடச் சொல்லுங்கள். கேன் தண்ணீர் வாங்குங்கள் என்று மட்டும் தண்டோரா போடாதீர்கள். கேனுக்குக் காசில்லாத வீட்டில்தான் நோய் முதலில் தங்கும்.

சாம்பிள் எடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறோம். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலில் துளி சோடியம் தயோசல்ஃபேட் இருக்கும், கழுவிவிடாதீர்கள். குளோரின் வழியிலேயே கிருமியைக் கொன்று பொய் முடிவு வராமல் தடுப்பது அதுதான். மூடியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. கொஞ்சம் காலி இடம் விட்டுப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். 24 மணி நேரம் தாண்டினால் அந்தப் பாட்டிலால் பயனில்லை, புதிதாக எடுக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் அதே குழாயில் குளோரின் பார்த்து, அந்த எண்ணையும் நேரத்தையும் லேபிளில் எழுதி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
குடிநீர், பொது சுகாதாரப் பணியாளர்கள் சிலர்